பிள்ளைகளும் பேய்க்கதைச் சினிமாவும்

தளவாய்புரம் பக்கத்துத் தோழர்கள் சிலர் ஒரு விஷயத்தில் தங்களுக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடி, முடிவு காண முடியாமல், நமது அபிப்பிராயம் என்ன என்பதாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். விஷயம் தேர்தலைப் பற்றியதல்ல. கோயில் நுழைவைப் பற்றியதுமல்ல. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு சினிமாப் படம் காட்டலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. ஆனாலும் இதை அற்பச் சங்கதி என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. பேய்க்குப் பயப்படுவதும், பிறப்பில் உயர்வு தாழ்வு உண்டென்று எண்ணுவதும், தலையில் எழுதினபடிதான் நடக்கும் என்று கையைக் கட்டிக்கொள்வதும் ஒருவன் மீசை முளைத்த பிறகு கற்றுக்கொள்ளும் பாடங்களல்ல. பாட்டி மடியிலும், திண்ணையிலும், திருவிழாக் கூட்டத்திலும், இப்போது கைப்பேசியிலுமாகப் பத்து வயதுக்குள் ஏறிவிடும் பாடங்களாகும். ஆதலால் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள், பார்த்தபின் என்ன நினைக்கிறார்கள் என்பது நமக்கு முக்கியமான விஷயமே.

பிரஸ்தாபப் படம், வங்காளத்து சத்யஜித் ரே 1980-ல் எடுத்த "ஹீரக் ராஜார் தேஷே" என்பது. "வைர ராஜாவின் நாட்டில்" என்று அதற்குப் பொருள். வாசகர்களில் அநேகர் இதைப் பார்த்திருக்க மாட்டார்களாதலால், கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ரேயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி என்பவர் 1913-ல் பிள்ளைகளுக்கென்றே "சந்தேஷ்" என்னும் மாதப் பத்திரிகையை ஆரம்பித்தவர். அதில் அவர் கூப்பி, பாகா என்னும் இரண்டு அப்பாவிகளின் கதையை எழுதினார். ஒருவனுக்குப் பாட்டு வராது. மற்றவனுக்கு மேளம் வராது. ஆசைக்கு மட்டும் குறைவில்லை. ஊரிலிருந்து துரத்தப்பட்ட இருவரும் காட்டில் பேய்களைச் சந்திக்கிறார்கள். பேய்கள் இவர்கள் கச்சேரியைக் கேட்டு மகிழ்ந்து வரம் கொடுக்கின்றன. நீர் எடுக்கும் படங்களெல்லாம் ஒரே துக்கமாயிருக்கின்றனவே, பிள்ளைகளுக்கு ஒன்று எடுக்கக் கூடாதா என்று தமது சிறு மகன் கேட்டதன் பேரில், ரே இந்தக் கதையை "கூப்பி காயின் பாகா பாயின்" என்று 1969-ல் படமாக்கினார். கைதட்டினால் வேண்டிய சாப்பாடும் துணியும் வரும். செருப்பை மாட்டிக்கொண்டு கைதட்டினால் நினைத்த ஊருக்குப் போகலாம். பாட ஆரம்பித்தால் கேட்பவர்கள் அசையாமல் நின்றுவிடுவார்கள். இவைதான் பேய்ராஜா கொடுத்த மூன்று வரங்கள்.

1980-ல் வந்தது அதன் தொடர்ச்சி. ஆட்கள் பாட்டனாருடையவர்கள், கதை ரேயினுடையது. வைரச் சுரங்கம் உள்ள ஒரு நாட்டில் ராஜாவின் ஆண்டு விழாவுக்குக் கூப்பியும் பாகாவும் பாடப் போகிறார்கள். அந்த ராஜா, படிப்பு வந்தால் பணிவு போய்விடும் என்று கண்டுபிடித்தவன். பள்ளிக்கூடத்தை மூடுகிறான். புத்தகங்களைக் கொளுத்துகிறான். எதிர்த்துப் பேசுகிறவர்களை ஒரு யந்திரத்துக்குள் தள்ளி மூளையைச் சலவை செய்கிறான். பட்டினியைவிட வரி பெரிது என்ற பாடம் குடியானவன் மண்டைக்குள் ஏற்றப்படுகிறது. சுரங்கத் தொழிலாளிக்கும் அப்படியே அவனுக்கென்று ஒரு பாடம். வெளியே வரும்போது அவனவன் தன் பாடத்தையே முணுமுணுத்துக்கொண்டு போகிறான். தப்பி மலையில் ஒளிந்திருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு இந்த இரண்டு பாட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கடைசியில் ராஜாவின் பெரிய சிலையைக் குடிகள் எல்லோரும் கயிறு கட்டி இழுத்துத் தள்ளுகிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பார்த்தவர்கள் சொல்லும் அபிப்பிராயங்கள் பலவகை. முதல் படத்தில் இருந்த பேயாட்டமும் வேடிக்கையும் இதில் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். பிள்ளைகள் படத்தில் அரசியல் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1975 முதல் 1977 வரை இந்நாட்டில் நடந்த நெருக்கடி நிலை ஆட்சியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது என்று சிலர் சொல்லுகிறார்கள். விழாவுக்கு வரும் விருந்தாளிகள் கண்ணில் படாதபடி ஏழைகளை அப்புறப்படுத்தும் காட்சி அந்தக் காலத்து டில்லிச் சம்பவங்களின் நேர் நிழல் என்பதை ரேயே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளோ இது எதையும் யோசிக்காமல், பேச்செல்லாம் எதுகை மோனையாய் வருவதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள்.

தளவாய்புரத்து ஆட்சேபணை இவை எல்லாவற்றிலும் வேறானது. "பேய் இல்லை, பிசாசு இல்லை, மந்திரமில்லை, மாயமில்லை என்று மேடைதோறும் பேசிவிட்டு, பேய் கொடுத்த வரத்தால் காரியம் நடக்கும் படத்தை நாமே காட்டினால் ஊரார் சிரிக்க மாட்டார்களா?" என்பது ஒரு கட்சி. "கதைதானே, கதையில் என்ன இருக்கிறது?" என்பது மற்றக் கட்சி. இரண்டும் பாதி சரி, பாதி தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் "கதைதானே" என்று சொல்லும் தோழர்களுக்குச் சொல்லுகிறோம். கதை என்பது லேசான சரக்கல்ல. 1975-ல் "ஜெய் சந்தோஷி மா" என்று ஓர் இந்திப் படம் வந்தது. அதைப் பார்க்கப் போன ஜனங்கள் கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். திரையில் அம்மன் தோன்றியபோது பூவும் காசும் எறிந்தார்கள். அதுவரை அநேகருக்குப் பெயர்கூடத் தெரியாதிருந்த ஒரு தெய்வத்துக்கு அதற்குப் பிறகு விரதமும் பூசையும் ஊரூராய்ப் பரவின. கூலிக்கு நடித்த ஒரு பெண்ணையும், வெளிச்சம் விழுந்த ஒரு வெள்ளைத் துணியையும் பார்த்துப் பெரிய மனிதர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்களென்றால், "கதைதானே" என்று நாம் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

நிற்க, காட்டவே கூடாது என்னும் தோழர்களைக் கேட்கின்றோம். கூப்பியும் பாகாவும் கண்ட அந்தப் பேய்ராஜாவுக்கு இதுவரை யாராவது கற்பூரம் கொளுத்தியிருக்கிறார்களா? உண்டியல் வைத்திருக்கிறார்களா? அவனுக்குத் திதி உண்டா, தட்சிணை உண்டா, தீட்டு உண்டா? அவனைப் பழித்தால் நரகம் என்று எந்தச் சாஸ்திரத்திலாவது எழுதியிருக்கிறதா? முதல் படத்துப் பேயாட்டத்தில் நான்கு கூட்டம் பேய்கள் வருகின்றன. ராஜாக்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரத் துரைமார்கள், தொந்தி பெருத்த கனவான்கள். ஆடிக்கொண்டே வந்து தங்களுக்குள் சண்டையிட்டு மடிகின்றன. இது பேயைக் காட்டிப் பயமுறுத்துவதா? மனிதர்கள் உயிரோடிருந்தபோது நடந்துகொண்ட லட்சணத்தைப் பேய் வேஷம் போட்டுப் பரிகாசம் செய்வதா?

ஆகவே கதையில் பேய் வருகிறதா, தேவதை வருகிறதா என்பதை மட்டும் வைத்துத் தராசில் நிறுப்பது சரியல்ல. "நான் கதை" என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும் கதை ஒரு ஜாதி. "நான் கதையல்ல, சத்தியம்; என்னை நம்பு, நம்பினால் கொடு, கொடுக்காவிட்டால் கெடுவாய்" என்று வரும் கதை வேறு ஜாதி. முந்தியதைக் கேட்ட பிள்ளை சிரித்துவிட்டு விளையாடப் போய்விடும். பிந்தியதைக் கேட்ட பிள்ளை இருட்டில் நடக்கப் பயப்படும், எவன் காலிலும் விழும், கேள்வி கேட்பதே பாவம் என்று நினைக்கும். நமக்கு விரோதம் இந்தப் பிந்திய ஜாதிக் கதையிடத்திலேயேயாகும்.

இதற்குத் தளவாய்புரமே நல்ல சாட்சி. தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டிப் பக்கங்களில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிறது. நைட்டி முதலிய ஆயத்த ஆடைகள் அங்கே தைக்கப்பட்டு வெளியூர்களுக்குப் போகின்றன. அம்மா மிஷினில் குனிந்து உட்கார்ந்திருப்பதையும், ராத்திரியில் முதுகு வலி என்பதையும் தினம் பார்த்து வளரும் பிள்ளையிடம், "கைதட்டினால் சட்டை வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். அது உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். துணி எப்படி வருகிறது என்பது அதற்குப் பிரத்தியட்சமாய்த் தெரியும். அதனால்தான் படத்தில் கைதட்டித் துணி வருவது அதற்கு வேடிக்கையாயிருக்கிறது. உண்மை தெரிந்தவனுக்குத்தான் கற்பனையில் சந்தோஷம். உண்மை தெரியாதவனுக்குக் கற்பனை பக்தியாகவோ பயமாகவோ முடிகிறது. ஆகையால் நமது வேலை பிள்ளைக்கு உண்மையைத் தெரியச் செய்வதே தவிர, கற்பனையைப் பிடுங்கிக்கொள்வதல்ல.

இனி, பிள்ளைகள் படத்தில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தை மூடுவது பிள்ளைகளைப் பற்றிய விஷயமா, இல்லையா? வைர ராஜா கதையில் மட்டுந்தானா இருக்கிறான்? 1953-ல் இந்தச் சென்னை ராஜ்யத்திலேயே, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதி வேளை படித்தால் போதும், மீதி வேளை தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று முதல் மந்திரி ராஜகோபாலாச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவரவில்லையா? நெசவாளி மகன் தறிக்கும், வண்ணான் மகன் துறைக்கும், சக்கிலியன் மகன் தோலுக்கும் என்று ஆகிவிடும் அந்த ஏற்பாட்டைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி நாடு முழுவதும் எதிர்க்கவில்லையா? அந்த எதிர்ப்பில் அவர் 1954-ல் பதவியை விட்டார். விருதுநகரில் பிறந்தவரும், 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவருமான காமராஜர் முதல் மந்திரியாகி, அவ்வருஷமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால் இன்று தளவாய்புரத்தில் பிள்ளைகளுக்குப் படம் காட்டலாமா என்று கடிதம் எழுதும் தோழர்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரிந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தச் சரித்திரத்தை நாம் பத்து மேடையில் பேசினாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏறாது. பூட்டிய பள்ளிக்கூடத்தையும் எரிகிற புத்தகத்தையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அது மறக்காது.

படத்தில் இன்னொரு நயம் இருக்கிறது. ராஜாவும் மந்திரிகளும் அரண்மனையைச் சேர்ந்தவர்களும் எதுகை வைத்தே பேசுகிறார்கள். அந்த ஆசிரியர் ஒருவர்தான் சாதாரணப் பேச்சுப் பேசுகிறார். எதுகை போட்டுச் சொன்னால் பொய்யும் காதுக்கு இனிக்கும், சீக்கிரம் மனப்பாடமாகும். யோசித்துப் பேசுகிறவனுக்கு அந்தத் தாளம் வேண்டியதில்லை. சுலோகத்தையும் கோஷத்தையும் கேட்டே பழகின நாட்டில் இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

மந்திரக் கதை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தடுக்கப் புறப்படுகிறவர்கள் யாரோடு போய்ச் சேருகிறார்கள் என்பதையும் தோழர்கள் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஓர் அம்மாள் எழுதிய ஹாரி பாட்டர் என்னும் மந்திரவாதச் சிறுவனின் கதைகளை, 2001 டிசம்பரில் அமெரிக்காவில் அலமகோர்டோ என்னும் ஊரில் ஒரு கிறிஸ்தவ சபையார் குவித்து நெருப்பு வைத்தார்கள். மந்திரம் பொய் என்பதற்காகவா? இல்லை. அது சைத்தான் கடைச் சரக்கு, எங்கள் கடைச் சரக்கல்ல என்பதற்காக. 2002-ல் வந்த அக்கதையின் இரண்டாவது படத்தைப் பார்த்த நம் பிள்ளைகள் பெரிய பாம்பையும் பெரிய சிலந்தியையும் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அதன் உள்ளே இருப்பது என்ன? மந்திரவாதிக் குலத்தில் பிறந்த சுத்த ரத்தக்காரர்களுக்கு மட்டுமே பள்ளிக்கூடம், மற்றவர்களுக்கு இல்லை என்று ஒருவன் சொன்ன கொடுமை. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணை, அவள் பெற்றோர் சாதாரண மனிதர்கள் என்பதற்காக, அசுத்த ரத்தம் என்று ஒரு பையன் ஏசுகிறான். இது எந்த நாட்டுச் சங்கதி? நம் தெருவில் நடப்பதல்லவா? இதைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டாமல் பாம்பை மட்டும் பார்த்துவிட்டு வரச் செய்தால் தப்பு படத்தினுடையதா, கூடவிருந்த பெரியவர்களுடையதா?

இவ்வளவு சொன்னதனால் ரேயின் படத்தில் குற்றமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. ஒரு பெரிய குற்றம் இருக்கிறது. பேய் கொடுத்த வரத்தை ஆட்சேபிக்கும் தோழர்கள் அதைக் கவனிக்கவில்லை. முடிவில் அந்த ராஜாவையும் மந்திரிகளையும் அவர்கள் செய்த அதே யந்திரத்துக்குள் தள்ளி, அவர்கள் மூளையையும் சலவை செய்துவிடுகிறார்கள். ராஜா வெளியே வந்து, தன் சிலையைத் தானே சேர்ந்து இழுக்கிறான். கொட்டகையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசிக்க வேண்டும். ராஜாவுக்குப் புத்தி வந்ததா? வரவில்லை. பழைய பாடம் போய்ப் புதுப் பாடம் ஏற்றப்பட்டது, அவ்வளவுதான். மறுநாள் வேறொருவன் வந்து யந்திரத்தைத் திருப்பினால் பாடமும் திரும்பிவிடும். நல்ல வார்த்தையாயிருந்தாலும் யோசனையில்லாமல் மண்டைக்குள் ஏற்றினால் அது மந்திரந்தான்.

இது நமக்கும் சேர்த்துச் சொல்லும் வார்த்தையாகும். நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர், "கடவுள் இல்லை" என்று கேட்ட உடனே ஒப்பிப்பார்கள். எதனால் என்று கேட்டால் "அப்பா சொன்னார்" என்பார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை "கடவுள் உண்டு" என்று ஒப்பித்து, "எங்கள் அப்பா சொன்னார்" என்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு யந்திரம், இரண்டு பாடம். சுயமரியாதை என்பது பிறர் புத்தியைக் கடன் வாங்காமல் தன் புத்தியால் நடப்பதென்றால், நம்மிடத்தில் கடன் வாங்குவதையும் நாம் தடுக்கத்தானே வேண்டும்? படமே காட்டாதே, கதையே சொல்லாதே, நாங்கள் சொன்னதை மட்டும் கேள் என்று பிள்ளைகளிடம் சொல்லுகிறவன் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறவன் பக்கத்தில் போய் நிற்கிறான் என்றே சொல்லவேண்டும்.

விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம் ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று பயமுறுத்தும். வேதாளம் பொய், ஆனால் கேள்வி மெய். கேள்வி கேட்கும் வேதாளத்தைக் கண்டு நமக்குப் பயமில்லை. கேள்வி கேட்காதே என்னும் சாஸ்திரத்தைக் கண்டுதான் பயம்.

ஆகவே தளவாய்புரத்துத் தோழர்களுக்கு நமது யோசனை இது. படத்தைக் காட்டுங்கள். வங்காள மொழி தெரியாதே என்றால், பேசாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லிக்கொண்டே வந்ததுபோல, கீழே வரும் ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வரட்டும். பெண் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் பிரசங்கம் செய்யாதீர்கள். கேள்வி கேளுங்கள். வரம் இல்லாவிட்டால் அந்த ஊர் ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள்? பள்ளிக்கூடத்தை ஏன் முதலில் மூடினான்? சிலை விழுந்தது பேயின் வரத்தாலா, கயிற்றைப் பிடித்த கைகளாலா? ராஜாவை யந்திரத்துக்குள் தள்ளியது நியாயமா? பிள்ளைகள் சொல்லும் பதில் நமக்குப் பிடிக்காததாயிருந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "பேய் உண்டு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதட்டாமல், "எங்கே பார்த்தாய்?" என்று மாத்திரம் கேளுங்கள். மீதியை அந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் ஒரு பிள்ளை, "நம் ஊரில் யார் யாருக்குச் சிலை இருக்கிறது, ஏன் வைத்தார்கள்?" என்று தகப்பனைக் கேட்குமானால், ஒரு மகாநாடு நடத்தியதைவிட அதிகமான வேலை தளவாய்புரத்தில் நடந்திருக்கிறது என்றே நாம் கருதுவோம்.